ஆமென் சொன்ன ஆய்வுக்கூடக்காரர்

இதை எழுத இரண்டு வருஷம் தயங்கினேன்.

சாந்தோம் கோவிலில் வாராவாரம் நடக்கும் மாதா நவநாள் ஜெபத்தில் என் பக்கத்தில் உட்காருவார் அவர். ஆய்வுக்கூடத்தில் எலியின் மூளை செல்களைத் தட்டில் வளர்க்கும் வேலை. வெளுத்த சட்டை. யார் என்ன சொன்னாலும் மெல்லத் தலையாட்டுவார்.

என் கைக்குழந்தைக்குப் பிறவியிலேயே தைராய்டு குறைவு. மாத்திரையை நிறுத்திவிட்டு ஒன்பது வாரம் நவநாளை மட்டும் நம்பியிருக்கப் போகிறேன் என்று அவரிடம் சொன்னேன். தலையாட்டினார். வாராவாரம் என் மன்றாட்டுக்கு ஆமென் சொன்னார்.

பிள்ளைக்குக் கழுத்து நிற்கவில்லை. டாக்டர் திட்டினார். கரண்டு வயருக்கு இருப்பது போல மூளை நரம்புக்கும் ஒரு உறை வளர வேண்டுமாம். அதற்குத் தைராய்டு சுரப்பு வேண்டுமாம். நேரே அவரிடம் போனேன்.

“இது உங்களுக்குத் தெரியுமா சார்?”

“தெரியும்மா. டெய்லி தட்டுல பாத்துக்கினுதான கீறேன். ஹார்மோன் சேக்காத செல்லுல உறை சரியா வராது.”

“அப்போ ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? இன்னா மனுசன் சார் நீங்க?”

“உங்க விசுவாசத்துல நான் எப்படிம்மா கை வைக்கிறது?”

மறுநாளே மாத்திரையைத் தொடங்கினேன். மகள் இப்போது நடக்கிறாள், பேச்சுதான் தாமதம். மாதா என்னைக் கைவிடவில்லை. அவரைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

பிள்ளை பெற்றவர்களிடம் இதைச் சொல்லுங்கள். என் தப்பை மறைக்காதீர்கள். அவர் நல்லவர் என்பதையும் விட்டுவிடாதீர்கள்.