அடுத்த கல்லிக்குப் போன எங்கள் குடம்

என் இளைய மகள் காலேஜில் படித்தது நாடுகளைப் பற்றிய படிப்பு. நாடுகள் ஏன் சண்டை போடுகின்றன, சமாதானம் எப்படி வருகிறது என்று. மனுஷன் பிறவியிலேயே சண்டைக்காரனா, இல்லை பயத்தில் சண்டைக்காரன் ஆகிறானா, இதுதான் அதில் அடிப்படைக் கேள்வியாம். நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன், நேரமாகும், ஆகட்டும். ஆனால் இந்தக் கேள்வி தாராவியில் எங்கள் வீட்டில் தினமும் சோற்றோடு சேர்த்துப் பரிமாறப்பட்டது.

எண்பதுகளின் தொடக்கம் அது. சந்தை அங்கே கல்லி என்பார்கள், எங்கள் கல்லிக்கும் அடுத்த கல்லிக்கும் சேர்த்து ஒரே குழாய். இரண்டிலும் திருநெல்வேலிப் பக்கத்து ஜனங்கள். அடுத்த கல்லிக்காரர்கள் வாப்பா, உம்மா என்று கூப்பிடுகிறவர்கள், ஆண்களுக்குத் தோல் பட்டறையில் வேலை. ஊரில் ஒரே ஆற்றில் குளித்தவர்கள், பம்பாயில் ஒரு குழாய்க்காக முறைத்துக்கொண்டோம். ஆள் இல்லாவிட்டாலும் பாத்திரம் வரிசையில் இருந்தால் ஆள் நின்ற கணக்கு. அவர்கள் விடியுமுன் குடம் வைத்தார்கள் என்று நாங்கள் முந்தின நாள் சாயங்காலமே வைத்தோம். அதைப் பார்த்து அவர்கள் மத்தியானமே வைத்தார்கள். எங்கள் பக்கம் குடம் போய் டிரம் வந்தது. அவர்கள் பக்கம் அதைவிடப் பெரிய டிரம் வந்தது. குழாயில் வந்தது என்னவோ அதே தண்ணீர்தான்.

மனுஷ ஜாதியே இப்படித்தான், மேலே ஒரு போலீஸ்காரன் லத்தியோடு நிற்காவிட்டால் ஒருத்தனும் ஒழுங்காக இருக்கமாட்டான் என்பார் அப்பா. அம்மாவின் தம்பி, என் மாமா, வேலை தேடி ஊரிலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். வேலையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தேடிக்கொண்டிருந்தார். அப்பாவை மறுத்துப் பேசினால்தான் அவருக்குச் சோறு செரிக்கும்.

"அவனுவ கெட்டவனுவ இல்ல அத்தான். நம்ம டிரம்மப் பாத்து அவனுக்குப் பயம், அவன் டிரம்மப் பாத்து நமக்குப் பயம். அவ்வளவுதான்" என்பார்.

அந்த மாமா செய்த வேலையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பெருமைதான். குழாயடியில் இரண்டு கல்லியையும் கூட்டி ஒரு யோசனை சொன்னார். வரிசையில் வைக்க வீட்டுக்கு ஒரு குடம்தான், உள்ளதில் நல்ல குடம். எங்கள் குடங்கள் அவர்கள் வீட்டில் இருக்கட்டும், அவர்கள் குடங்கள் எங்கள் வீட்டில். தண்ணீர் வந்த பிறகு அடுத்த வீட்டுக் குடத்தைக் கொண்டுவந்து உரியவர் கையில் கொடுக்க வேண்டும். கல்லிக்கு ஒருவராக மாற்றி மாற்றிப் பிடிக்க வேண்டும். பிடித்த தண்ணீரை வீட்டில் ஊற்றியதும் குடங்கள் மறுபடி இடம் மாற வேண்டும். இதில் ஏமாறுவதற்கு வழி எங்கே இருக்கிறது என்று இரண்டு கல்லியும் தேடிப் பார்த்தன. கிடைக்கவில்லை. அதனால் ஒப்புக்கொண்டன.

ஒப்புக்கொள்ளாதவள் அம்மா ஒருத்திதான். அவளுடைய நல்ல குடம், கல்யாணத்துக்குத் தாய்வீடு கொடுத்த பித்தளைக் குடம். அது போக வேண்டிய வீடோ, அவளோடு அதிகம் சண்டை போட்ட பெண்பிள்ளையின் வீடு. பிளாஸ்டிக் குடத்தைக் கொடுக்கிறேன் என்றாள். மாமா விடவில்லை.

"போனா நோவுத பொருளக் குடுக்கணும்க்கா. அப்பத்தான் அவளும் நம்புவா."

அம்மா குடத்தைக் கொடுத்தாள். தம்பிக்கு அன்று டீ கொடுக்கவில்லை.

மறுநாள் காலையில் அந்த வீட்டுப் பெண், என் வயதுக்காரி, குடத்தைக் கொண்டுவந்தாள். புளி போட்டுத் தேய்த்துத் தகதகவென்று மின்னியது. அம்மாவுக்கு வந்ததே கோபம். "எங்குடம் அழுக்காக் கெடந்துன்னு சொல்லுதாளோ?" அன்று முழுக்க உட்கார்ந்து அவர்கள் குடத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். அதில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தவர் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தருகிற வழக்கம் இரு கல்லிக்கும் இல்லை. ஒரு நாள் குடத்து மூடிமேல் ஒரு பிடி முருங்கைக்கீரை வந்தது. அம்மா முறுக்கு அனுப்பினாள். அங்கிருந்து தேங்காய்ப் பணியாரம் வந்தது. இவளிடம் தோற்பேனா என்று அம்மா அதிரசத்துக்கு மாவு இடித்தாள். முன்பு டிரம் வளர்ந்த மாதிரி இப்போது தட்டு வளர்ந்தது. மாமா ஒரு சுற்றுப் பெருத்தார். பெண்களும் பிள்ளைகளும் எப்போது விடியும் என்று காத்திருந்தோம்.

அப்படி ஒரு காலையில் அந்தப் பெண் குடத்தோடு வரவில்லை. அவள் உம்மாவே வந்தார். குடத்தின் வயிற்றில் எலுமிச்சம்பழம் அளவுக்குச் சொட்டை விழுந்திருந்தது. பின்னால் வந்த பெண்ணின் கண் அழுது சிவந்திருந்தது. குழாயடியில் வரிசை கலைந்தது. இரு பக்கத்துப் பெண்களும் முந்தானையை இடுப்பில் செருகினார்கள். சமாதானத்தைக் கண்டுபிடித்த மாமா சும்மா கிடந்த ஒரு டிரம்முக்குப் பின்னால் மெதுவாக நகர்ந்தார். அம்மாவின் வாய் எப்படிப்பட்டது என்று எல்லோருக்கும் தெரியும்.

அம்மா குடத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். சொட்டையை விரலால் தடவினாள்.

"இது பழைய சொட்டைல்லா. ஊருலருந்து வரச்சில ரயில்ல விழுந்தது. நீங்க மொதல்ல பிடிங்க மைனி, தண்ணி வீணாப் போவுது."

அம்மா அவரைச் சொந்த அண்ணன் பெண்டாட்டி மாதிரி மைனி என்று கூப்பிட்டு அதுவரை நான் கேட்டதில்லை.

"இல்லம்மா, நேத்து நான் பாக்கைல சொட்டையே இல்ல" என்றேன்.

அம்மா என் காலை மிதித்தாள். அந்த உம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா அவர் குடத்தை எடுத்துக் குழாய்க்கு நேரே வைத்துவிட்டாள். டிரம்முக்குப் பின்னாலிருந்து மாமா வெளியே வந்தார்.

எனக்கோ ஒரே கவலை. பொய் சொன்னால் வாயில் சூடு வைப்பேன் என்று என்னை மிரட்டுகிறவள் பொய் சொல்லமாட்டாள். அப்படியென்றால் காரணம் ஒன்றுதான். சாயங்காலம் அப்பா வந்ததும் ரகசியமாகச் சொன்னேன். அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது, சொந்தக் குடமே தெரியவில்லை, நம் முறையையும் அவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டாள், சீக்கிரம் கண் டாக்டரிடம் கூட்டிப் போங்கள் என்று. அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா கூரையைப் பார்த்தார். இரண்டு பேரும் ஏன் சிரிப்பை அடக்குகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மங்கின விளக்கில் ஒரே தடவையில் ஊசிக்கு நூல் கோத்துவிட்ட அம்மாவைப் பார்த்து, பாவம், குருட்டாம்போக்கில் கோக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.