லுயாண்டோ அம்மாவின் கொட்டகைச் சாவி

லுயாண்டோ அம்மா என்றால்தான் எங்கள் ஊர் மோன்சேயில் யாருக்கும் தெரியும். மகள் லுயாண்டோ தலைநகர் லுசாகாவில் இருக்கிறாள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டில் மிச்சம் இவளும் முட்டைக் கோழிகளும்தான்.

அக்டோபர் வெயிலில் எங்கள் பக்கம் குழாய்த் தண்ணீர் கையைச் சுடும். அந்தத் தண்ணீரைக் கோழி எட்டிக்கூடப் பார்க்காது. அதனால் முந்தின நாளே மண்பானைகளில் நிரப்பி ஈரச்சாக்கைச் சுற்றிவைப்பாள். பகலெல்லாம் கிண்ணங்களைக் கொட்டிக் கழுவிப் பானைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருப்பாள்.

"நீயும் ஒரு வாய் குடிடி. கோழிதான் கொழுக்குது, நீ காஞ்சுபோற," என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மூங்கா அம்மா கேலி பண்ணுவாள்.

அன்றைக்குக் கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் நோய் வராமலிருக்க மருந்து வைக்கும் நாள். மருந்தைக் குடிதண்ணீரில்தான் கலக்க வேண்டும். கோழி தாகத்தோடு குடித்தால்தான் பலிக்கும். ஆகவே விடியுமுன்பே கிண்ணங்களை வெளியே எடுத்துவிட்டாள். வெயில் ஏறுவதற்குள் மருந்துத் தண்ணீரை வைத்துவிடலாம் என்று நினைப்பு. கிண்ணம் கழுவும்போதே வேலிக்கப்பால் ஓலம் கேட்டது. மூங்கா அம்மாவின் புருஷன் ஆஸ்பத்திரியில் இறந்துபோயிருந்தார்.

கொட்டகையைப் பூட்டி, சாவியை இடுப்புத் துணியில் முடிந்துகொண்டு ஓடினாள். முகத்தைக் காட்டிவிட்டுத் திரும்பத்தான். ஆனால் தரையில் கிடந்த மூங்கா அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் தெருவில், துக்கக்காரி கையைப் பிடித்துவிட்டால் பிணம் வீடு வரும்வரை எழுந்திருக்க முடியாது. லுயாண்டோ அம்மாவின் புருஷன் செத்தபோது அப்படி உட்கார்ந்து கிடந்தவள் மூங்கா அம்மாதான்.

பிணத்தைக் கொண்டுவரும் வண்டி வரவில்லை. தகரக் கூரை சூடேறி நெறுநெறுத்தது.

"கோழிக்குத் தண்ணி இல்லக்கா," என்றாள் லுயாண்டோ அம்மா, பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் காதில்.

"சாவியக் குடு, நான் போறேன்."

முடிச்சைத் தொட்டாள், அவிழ்க்கவில்லை. முன்பு யாரிடமோ சாவி கொடுத்து முட்டை காணாமல் போயிருந்தது. "வண்டி இப்ப வந்துடும்," என்றாள்.

"மனுசன் போய்ட்டான், இவளுக்குக் கோழி நெனப்பு," என்றாள் எதிரே இருந்த ஒருத்தி.

உச்சி சாய்ந்த பிறகுதான் வண்டிச் சத்தம் கேட்டது. மூங்கா அம்மா கையை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். இவள் எதிர்ப்பக்கம் ஓடினாள்.

நானும் பின்னால் போனேன். கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. சிறகை விரித்து, அலகைப் பிளந்து, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. மருந்தை மறந்துவிட்டு வெறும் பானைத் தண்ணீரை ஊற்றினோம். சில தள்ளாடி வந்து குடித்தன. வராதவற்றைத் தூக்கி அலகை நனைத்தாள். நனைத்த தண்ணீர் அப்படியே வழிந்தது. குழி தோண்டி முடிக்கச் சாயங்காலமாகிவிட்டது.

இருட்டுமுன் துக்க வீட்டுக்குத் திரும்பிப் போனாள்.

"என்னம்மா, கோழியெல்லாம் சௌக்கியமா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"பாதி போச்சு."

மூங்கா அம்மா தலையைத் தூக்கினாள். "கையை விடுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல."

லுயாண்டோ அம்மா அவள் எதிரே குனிந்தாள். கோழி வாடை போகாத கையை நீட்டினாள். மூங்கா அம்மா அதைப் பிடிக்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து, பாயில் இடம் மட்டும் விட்டாள்.