மேசையைத் தட்டியவர்கள்

எழுபதுகளின் தொடக்கம். ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரத்துக்குப் படிக்கப் போன புதிது. அன்று காலை முழுக்க நானும் கூடப் படிக்க வந்த செல்வமும் வாடகைக்கு அறை தேடி அலைந்தோம். எங்கள் முகத்தைப் பார்த்ததுமே "அறை போய்விட்டது" என்று கதவைச் சாத்தினார்கள்.

பசியோடு ஓர் ஆஸ்திரிய உணவகத்தின் தோட்ட முற்றத்தில் நுழைந்தோம். மரத்தடியில் பெரிய வட்ட மேசை மட்டும் காலியாக இருந்தது. நம்மூர் ஹோட்டல் பழக்கத்தில், யாரையும் கேட்காமல் உட்கார்ந்துவிட்டோம்.

சூப் வந்த நேரம், வாட்டசாட்டமான ஒரு கிழவர் வந்தார். வாய் திறக்காமல், விரல் முட்டியால் மேசையை டொக் டொக்கென்று தட்டிவிட்டு எதிரே உட்கார்ந்தார். இன்னொருவர் வந்தார், அவரும் தட்டினார். மூன்றாமவர் தட்டியதில் என் சூப் தளும்பியது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் இப்படித் தட்டினால் எழுந்து வெளியே போக வேண்டும்.

"அவங்க டேபிள் போலிருக்கு. வம்பு வேண்டாம்டா, எழுந்திரு," என்றான் செல்வம்.

எழுந்தேன். கிழவர் சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"உட்கார். சூப் ஆறிப்போகும்," என்றார்.

பரிமாறும் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இது அவர்கள் வழக்கமாக உட்காரும் மேசை. ஒவ்வொருவருக்கும் கைகொடுக்காமல், இப்படித் தட்டி மொத்தமாக வணக்கம் சொல்வார்கள். நீங்களும் தட்டுங்கள்," என்றாள்.

மெதுவாகத் தட்டினேன்.

"காதில் விழவில்லையே!" என்றார் கிழவர்.

காலையில் ஒவ்வொரு கதவையும் நான் இப்படிப் பயந்து பயந்துதான் தட்டியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. ஓங்கித் தட்டினேன். மூவரும் பதிலுக்குத் தட்ட, மேசையே திரும்பத் தட்டியது போலிருந்தது.

மறுநாள் அறை கேட்டுப் போன வீட்டுக் கதவையும் அப்படியே ஓங்கித் தட்டினேன்.