கொடியில் தொங்கிய கறுப்புத் துணி

எங்கள் அண்ணிக்குத் தெருவில் 'ஜட்ஜம்மா' என்று பெயர். பக்கத்து வீட்டுப் பூனைகள் சண்டை போட்டால்கூடத் தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்.

மட்டிச் சிப்பிகளை ஓடு நீக்கிச் சுத்தம் செய்யும் கொட்டகையில் அவருக்கு வேலை. ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் எடுக்கும் மட்டியில் எண்ணெய் வாடை அடிக்கிறது என்று வியாபாரி திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார். கொட்டகையை இழுத்து மூடவேண்டிய நிலை. ஆற்றின் மேற்பக்கம் இருக்கும் ஆலைதான் காரணம், போய்க் கேட்போம் என்று தெருவே கிளம்பியது. அண்ணி மறித்தார்.

"போவோம். அதுக்கு முன்னாடி நம்ம குழாய் யோக்கியமான்னு பாத்துடுவோம்."

முகத்துவாரத்தில் விழும் எங்கள் தெருக் கழிவுநீர்க் குழாய்களின் வாயில் எல்லாம் பழைய வெள்ளைத் துணியைக் கட்டினோம். மறுநாள் கடல் உள்வாங்கித் தண்ணீர் வற்றியதும் நானும் அண்ணியும் அவிழ்க்கப் போனோம். சோப்பு நுரை, காய்கறித் தோல், தலைமுடி. ஒரே ஒரு துணியில் மட்டும் கறுப்பு எண்ணெய் பிசுபிசுத்தது. அது என் அண்ணனின் மோட்டார் பட்டறைக் குழாய்.

"அண்ணி, யாரும் பாக்கல. தண்ணியில விட்டுடலாம்" என்றேன். கூடப்பிறந்த பாசம், வேறென்ன.

அவர் நேராக வீட்டுக்கு வந்து, வாசல் கொடியில் தெருவே பார்க்கும்படி அந்தத் துணியை விரித்துக் கிளிப் மாட்டினார்.

அண்ணன் வெளியே வந்து பார்த்தார். "புருஷன் மானத்தைக் கொடியில காயப்போடுறியா?"

"மானம் குழாய் வழியா போயிட்டிருக்கு. முதல்ல அதை அடைங்க."

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. உப்பு வேண்டுமென்றால்கூட என்னைத்தான் தூது விட்டார்கள். நான் நொந்துபோனேன். ஒரு காலையில் அண்ணனே சிமெண்ட் குழைத்துக் குழாயை அடைத்தார். பழைய எண்ணெயைப் பிடித்துவைக்கப் பட்டறையில் டிரம் வைத்தார். பக்கத்துத் தெருப் பட்டறைக்காரரோடு மல்லுக்கட்டி அவரையும் வைக்கச் செய்தார்.

பிறகுதான் எல்லோருமாக ஆலைக்குப் போனோம். மேலாளர் வாசலிலேயே நிறுத்தி எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்க தெருச் சாக்கடையில மட்டும் பன்னீரா ஓடுது?"

அண்ணி வாயெடுப்பதற்குள் அண்ணன் முன்னால் போனார். பைக்குள்ளிருந்து அந்தக் கறுப்புத் துணியை எடுத்து விரித்துப் பிடித்தார்.

"இது என் பட்டறை அழுக்கு. அடைச்சுட்டேன். இப்ப உங்க குழாயில ஒரு துணி கட்டணும். வழி விடுங்க."

ஜட்ஜம்மா தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. கையில் வைத்திருந்த வெள்ளைத் துணியை உதறி அண்ணனிடம் நீட்டினார்.