ஒரு தடவைதான் கேட்பார்கள்

போன வாரம் பக்கத்து வீட்டு மாட்டுக்கு மலையிலிருந்து ஒரு வண்டி சாமை வைக்கோல் வந்து இறங்கியது. மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த எனக்கு வரிசையாக ஏழு தும்மல். நெல் வைக்கோல் என்னை ஒன்றும் செய்யாது. நான் படவேட்டுக்காரி, அதிலேயே புரண்டு வளர்ந்தவள். சாமை வைக்கோல் மட்டும் மூக்கின் உச்சியில் போய்க் குத்தும். காரணம் டாக்டருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். ஒரு காலத்தில் அதன்மேல் நான் செத்துக் கிடந்தேன். பயப்படாதீர்கள், நாடகத்தில்தான்.

தும்மல் சத்தம் கேட்டு, வண்டிக்காரரோடு வந்திருந்த பெண் அண்ணாந்து பார்த்தாள். “டீச்சர், நாடகத்துல பொணமா படுத்தீங்களே, நீங்கதான?” என்றாள். இருபத்தைந்து வருஷமாக ஆங்கிலம் நடத்துகிறேன். ஒருத்திக்கு என்னை ஞாபகம் இருப்பது பிணமாக. அவள் செல்வி, அப்போது ஏழாம் வகுப்பு. வீட்டுக்குள் வந்து காப்பி குடித்துக்கொண்டே இரண்டு செய்தி சொன்னாள். அண்ணாமலை சார் போன மழைக்காலத்தில் நெஞ்சுவலி வந்து இறந்துவிட்டார் என்பது ஒன்று. மற்றதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால், காப்பி ஆறி ஆடை கட்டும்வரை நான் ஏன் டம்ளரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன் என்று உங்களுக்குப் புரியாது.

என் முதல் வேலை ஜவ்வாது மலையில், நெல்லிவாசல் பக்கத்துப் பள்ளி ஒன்றில். போளூரிலிருந்து பஸ், அப்புறம் புளி மூட்டைமேல் கால் வைத்து உட்காரும் ஷேர் ஜீப், அதற்குமேல் நடை. அண்ணாமலை சார் கணக்கு வாத்தியார், அந்த மலையிலேயே பிறந்தவர். ஏற்றத்தில் எனக்கு மூச்சு வாங்கினால், செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்து நிற்பார். அந்த வார் இரண்டு வருஷமாக அறுந்துகொண்டே இருந்தது. என் இளைப்புக்காகத்தான் நிற்கிறார் என்று புரிய எனக்கு ஆறு மாதம் பிடித்தது. ஆங்கிலம் படித்தவளுக்கு அவ்வளவுதான் மூளை.

ஆண்டு விழாவுக்கு நாடகம் போடச் சொன்னார்கள். பகைத்த இரண்டு வீட்டுப் பிள்ளைகள் காதலித்துச் சாகும் அந்தப் பழைய ஆங்கில நாடகத்தின் கடைசிக் காட்சியைத் தமிழில் எழுதினேன். கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். வேறு கல்யாணத்திலிருந்து தப்பிக்க, செத்தவள்போல் தூங்கவைக்கும் மருந்தைக் குடிக்கிறாள் பெண். அந்தத் தகவல் காதலனுக்குப் போய்ச் சேரவில்லை. கல்லறைக்கு வந்தவன் அவள் செத்துவிட்டாள் என்று விஷம் குடிக்கிறான். விழித்தவள் அவனைப் பார்த்துவிட்டுக் குத்திக்கொள்கிறாள். நான் எழுதியதில் ‘ஐயகோ’ பதினோரு இடத்தில் வந்தது.

நடிக்க எந்தப் பெண்ணையும் வீட்டில் விடவில்லை. “கல்யாணம் ஆவாத பொண்ணு பொணமா படுக்கக் கூடாது டீச்சர்” என்றாள் ஒரு அம்மா.

“எனக்கும் ஆகலையேம்மா?”

“நீங்க கீழ்நாடு. உங்களுக்கு ஒண்ணும் ஆவாது.” மலைக்குக் கீழே இருப்பவர்கள் எல்லாரும் அவர்களுக்குக் கீழ்நாடு.

எழுதினவளே படுக்கட்டும் என்றார் தலைமையாசிரியர். காதலனாக அண்ணாமலை சார். இரண்டு பேருக்கும் நடுவில் இரண்டு முழம் இடைவெளி இருக்க வேண்டும் என்பது தலைமையாசிரியரின் கட்டளை. ஒத்திகையில் முழம் போட்டே பார்த்தார்.

விழாவுக்கு மூன்று நாள் முன்னால் ஏற்றத்தில் நடக்கும்போது அண்ணாமலை சார் சொன்னார், “எங்க ஊர்ல இப்பிடி யாரும் சாவமாட்டாங்க டீச்சர்.”

“பின்ன இன்னா பண்ணுவாங்க?”

“ரெண்டு பேரும் போய்ட்டு சொந்தக்காரங்க வூட்ல இருப்பாங்க. மறுநாள் ஊர் கூடும். நாட்டாரு பொண்ண ஒரு வாட்டி கேப்பாரு, இஷ்டப்பட்டு வந்தியான்னு. ஆமான்னு சொன்னா அபராதம், ஒரு விருந்து, கல்யாணம். அவ்ளோதான்.” நாட்டார் என்றால் அங்கே ஊர்ப் பெரியவர். பிறகு குனிந்து வாரைச் சரிசெய்தார். நிமிராமலே, “உங்கள கேட்டா இன்னா சொல்வீங்க?” என்றார்.

“வெளியாளையும் கேப்பாங்களா?”

“சத்தம் போடுவாங்க. ஆனா கேப்பாங்க.”

“நாடகம் முடியட்டும் சார். சொல்றேன்.”

பதில் எனக்கு அப்போதே தெரியும். ஆமாம் என்பதுதான் அது. ஆனாலும் நல்ல சேலையை நல்ல நாளைக்கு என்று பெட்டியில் வைக்கிற குணம் எனக்கு. இன்றைக்கும் பீரோவில் மடிப்புக் கலையாமல் நாலு சேலை இருக்கிறது.

விழா அன்று மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல் படவேட்டிலிருந்து பைக்கில் வந்து இறங்கினான் என் அண்ணன். மறுநாள் போளூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருகிறார்களாம், கையோடு கூட்டிப்போக வந்திருக்கிறான். முதல் வரிசையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள்.

சாமை வைக்கோலைக் குவித்து, வேட்டி போர்த்தியதுதான் கல்லறை. தும்மலை அடக்கிக்கொண்டு கண்மூடிக் கிடந்தேன். அண்ணாமலை சார் வந்து அழுதார். இருமல் மருந்து பாட்டிலில் தேன் கரைத்த தண்ணீர், அதுதான் விஷம். மூடியைத் திருகும் சத்தம் கேட்டது. உடனே கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

“டேய், குடிக்காத. பொண்ணு தூங்குது.”

நாட்டார். மேடை ஏறி வந்துவிட்டார். தலைமையாசிரியர் ஏதோ சொல்லப் போக, “நீ சும்மா இரு சார். உசுரோட கீற பொண்ண வெச்சிக்கினு சாவறானே” என்றார். கூட்டம் ஆமாம் போட்டது. முதலில் பையனைக் கேட்டார். அண்ணாமலை சார், “இஷ்டப்பட்டுதாங்க” என்றார். அது நடிப்புக் குரல் இல்லை.

பிறகு என் தலைமாட்டில் வேட்டி உரசுகிற சத்தம். “எம்மா, நீ இஷ்டப்பட்டுதான் வந்தியா?”

அவருக்கு எங்கள் விஷயம் தெரியாது, இன்றுவரை அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நாடகத்துப் பெண்ணைத்தான் கேட்டார். கண்ணைத் திறந்து ஆமாங்க என்று சொல்லியிருந்தால் கூட்டம் கைதட்டியிருக்கும். என் அண்ணன்கூடச் சிரித்திருப்பான். ஆனால் அண்ணாமலை சாருக்குப் பதில் கிடைத்திருக்கும். எனக்கு அது தெரிந்திருந்தது. மூடிய இமைக்குள் முதல் வரிசை நாற்காலிதான் தெரிந்தது. பயம். வேறு பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது? பெண் தூங்குகிறாள், எழுதியிருப்பது அப்படித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அசையாமல் கிடந்தேன்.

மைதானமே காத்திருந்தது. “பொண்ணு பேசல” என்றார் நாட்டார், சின்னக் குரலில். இறங்கிப் போய்விட்டார்.

அப்புறம் பாட்டிலைக் குடிக்கும் சத்தம். பக்கத்தில், இரண்டு முழம் தள்ளி, அவர் விழுந்தார். நான் விழிக்க வேண்டிய இடம் வந்தது. விழித்தேன். பதினோரு ஐயகோவில் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. சும்மா அழுதேன். மரக்கத்தியால் குத்திக்கொண்டு விழுந்தேன். மலை இறங்கும்போது அண்ணன் பைக்கில் திரும்பி, “நெஜமாவே அழுதியே, நல்லாதான் நடிக்கிற” என்றான்.

பெண் பார்க்க வந்தவர் என் வீட்டுக்காரர். நல்ல மனிதர், அதைச் சொல்லாவிட்டால் பாவம். அடுத்த வாரம் நான் மலைக்குப் போனபோது அண்ணாமலை சார் புதுச் செருப்பு போட்டிருந்தார். ஏற்றத்தில் எங்கும் நிற்கவில்லை.

இனி செல்வியின் இரண்டாவது செய்தி. அண்ணாமலை சார் ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் அந்த நாடகத்தைப் போட்டாராம். போன வருஷம் செல்வியின் மகள் வைக்கோலில் படுத்தாளாம்.

“பொணமா படுக்க விட்டியா?” என்றேன்.

“சார் நாடகத்துல யாரும் சாவமாட்டாங்க டீச்சர். நாட்டாரா ஒரு பையன் வந்து கேப்பான். பொண்ணு எழுந்து ஒக்காந்து ஆமாங்கன்னு சொல்லணும். சத்தமா சொல்லு, கடைசி வரிசைக்குக் கேக்கணும்னு திருப்பித் திருப்பிச் சொல்லுவாரு.”

இந்த வருஷம் நாடகம் இல்லையாம். அந்த நாட்டார் போய் வெகுகாலம் ஆகிறது. இப்போது இரண்டு பேர் ஓடிப்போனால் விஷயம் நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறதாம், ஊர் கூடுவதில்லை. செல்வி டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, “வர்றேன் டீச்சர்” என்று வண்டி ஏறினாள்.

நான் மாடிக்குப் போனேன். வீட்டுக்காரர் கீழே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். வைக்கோல் வாசனை இன்னும் இருந்தது. ஆமாங்க என்று சொல்லிப் பார்த்தேன், கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி. கீழேயிருந்து, “இன்னா, கூப்பிட்டியா?” என்றார் அவர். இல்லை என்று சொல்லிவிட்டு, காய்ந்த துணிகளை எடுக்கத் தொடங்கினேன்.