அம்மாவுக்காகத்தான் போகிறேன் என்று சொன்னேன்

எனக்கு இருபத்தொரு வயதாகும்போது, பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தோட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை தோறும் பிள்ளைகளுக்கு வேதபாடம் சொல்லிக்கொடுத்தேன். மற்ற ஆறு நாளும் ஸ்டோரில் வேலை. ஸ்டோர் என்றால் எங்கள் பக்கத்தில் தேயிலை ஆலை. நான் மேல்மாடியில் கொழுந்தை வாட்டுவதற்குப் பரப்புகிற ஆள். வேலை நாட்களில் லயத்து வரிசை வீடுகளில் இருந்த பிள்ளைகள் என்னை அண்ணே என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சார். அப்படிக் கூப்பிட யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவர்களாகவே வைத்துக்கொண்டார்கள்.

தோட்டத்தில் வேதக்காரக் குடும்பங்கள் ஒன்பதோ பத்தோ இருந்திருக்கும். மற்றவர்கள் எல்லோரும் மாரியம்மன் கும்பிடுகிறவர்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு நாங்கள் பஜாருக்குப் பக்கத்திலுள்ள தேவாலயத்துக்கு இறங்கிப் போவோம். தோட்டத்தை நடத்துகிற தொரையும் அதே தேவாலயத்துக்குத்தான் வருவார், இங்கிலீஷ் ஆராதனைக்கு. நாங்கள் வாசலுக்குப் போய்ச் சேரும்போது அவருடைய கார் வெளியே வந்துகொண்டிருக்கும்.

பாடம் நடந்தது பிள்ளைக்காம்பராவில். வேலைநேரத்தில் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற அறை அது. ஞாயிற்றுக்கிழமை காலியாக இருக்கும். தொட்டில்களைச் சுருட்டி உத்திரத்தில் கட்டிவிட்டு, தரையில் சாக்கு விரித்து உட்காருவோம். எத்தனை தரம் கழுவினாலும் பால் வாடை போகாது.

அந்த வருஷம் என்னிடம் ஆறு பிள்ளைகள். எல்லோரும் பதினொன்று, பன்னிரண்டு வயதுக்காரர்கள். கைக்குழந்தையாக இருந்தபோது ஞானஸ்நானத்தில் அவர்களுக்காகப் பெற்றோர் சொன்ன விசுவாசத்தை, இப்போது சபைக்கு முன்னால் எழுந்து நின்று அவர்களே தங்கள் வாயால் சொல்ல வேண்டும். ஹட்டனிலிருந்து போதகர் வரும் நாள் குறித்தாகிவிட்டது. மூன்று தோட்டங்களை நடந்தே பார்த்துக்கொண்டிருந்த உபதேசியார், பாடங்கள் எழுதிய கொப்பி ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். நான் அதைப் பார்த்து அப்படியே சொல்லுவேன்.

ஒருநாள் பாடம், இயேசுவைப் பிடித்துக்கொண்டு போன பிறகு அவருடைய மூத்த சீஷர் முற்றத்தில் குளிர்காய்ந்துகொண்டிருந்ததும், ஒரு வேலைக்காரப் பெண் 'நீயும் அவரோடு இருந்தவன்தானே' என்று கேட்டதும், 'அவரை எனக்குத் தெரியாது' என்று அவர் மறுத்ததும். சீஷன் என்றால் மனிதர் முன்னால் ஒத்துக்கொள்கிறவன் என்று சொல்லி முடித்தேன். ஒரு பிள்ளை கையைத் தூக்கினாள். கடைசி லயத்துப் பிள்ளை. வீட்டில் அம்மாவும் அவளும் மட்டும்தான், அப்பா இல்லை.

"தொரைமார் கேட்டிருந்தா பயப்படலாம் சார். ஒரு வேலக்காரப் பொண்ணுதானே கேட்டா? அவளுக்கு எதுக்குப் பயப்பட்டாரு?"

கொப்பியைப் புரட்டிப் பார்த்தேன். "மனுஷன் பலவீனமானவன்" என்று எதையோ சொல்லி ஜெபம் பண்ணி அனுப்பிவிட்டேன்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, ஸ்டோர் கூட்டாளிகள் மூன்று பேரோடு பஜாரில் எல்லோரும் நானா என்று கூப்பிடுகிற முஸ்லிம் கடைக்காரரின் கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் தேத்தண்ணி, மறுபக்கம் சில்லறைச் சாமான் என்று இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே நடந்த கடை அது. எங்களோடு தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரும் இருந்தார். லயத்துக் கூரைத் தகரத்தை மாற்றித் தரும்படி சங்கம் கேட்டு, தொரை முடியாது என்று சொன்ன வாரம்.

"தொரை ஞாயித்துக்கிழம தவறாம சாமி கும்பிடுறாரு. நம்ம கூரை ஒழுகுறது மட்டும் அவரு சாமி கண்ணுக்குத் தெரியாது போல" என்றார் தலைவர். பிறகு என் பக்கம் திரும்பி, "நீயும் அந்த வேதந்தானப்பா?" என்று கேட்டார்.

கோபமாகக் கேட்கவில்லை. சும்மா கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதோடு பேச்சு வேறு பக்கம் போயிருக்கும்.

"எனக்கென்ன வேதம் தலைவரே? அம்மா மனசு நோகக்கூடாதேன்னு அம்மாவுக்காகத்தான் போறேன். புள்ளைங்களுக்குக் கத சொல்ல ஆளில்லன்னு உபதேசியார் கெஞ்சினாரு, அதனால அதையும் செய்றேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே திரும்பினால், சாமான் பக்கம் அந்தப் பிள்ளை மண்ணெண்ணெய்ப் போத்தலோடு நின்றாள். அவளுடைய அம்மா கருவாட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காதில் எதுவும் விழவில்லை. பிள்ளை என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் போத்தலைப் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் அவள் பாடத்துக்கு வந்தாள். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். தப்பித்தோம் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு வரவில்லை. அன்று சாயங்காலம் கடைசி லயத்துக்குப் போனேன்.

"போதகர் வர்ற அன்னைக்கு எந்திரிச்சு நிக்கமாட்டேன்னு சொல்லுது தம்பி. ஏன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குது. நீங்களே கேட்டுப் பாருங்க" என்றார் அம்மா.

மலைத் தண்ணீர் விழுகிற பீலியில் அவள் குடம் பிடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். குடம் நிறைந்ததும் அவள் நிமிர்ந்தாள்.

"நீங்க சொல்லிக் குடுத்ததத்தான் நாங்க எந்திரிச்சுச் சொல்லணும். நீங்களே நம்பலன்னா நாங்க என்னத்தச் சொல்றது?"

"அடுத்த ஞாயிறு வா. எல்லாருக்கும் சேர்த்துச் சொல்றேன்" என்று மட்டும் சொன்னேன்.

இடையில் உபதேசியாரைப் பார்த்து, இனி என்னால் பாடம் நடத்த முடியாது என்று சொல்லிவிட நினைத்து அவர் வீட்டுக்கும் போனேன். அவர் இருமிக்கொண்டு படுத்திருந்தார். "போதகர் வர இன்னும் மூணு கிழமதான் இருக்கு. இப்ப நான் வேற ஆளுக்கு எங்க போவேன்?" என்றார். ஏன் விடுகிறாய் என்று அவர் கேட்கவில்லை. கொப்பியோடு திரும்பி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வந்திருந்தாள். கொப்பியைத் திறக்காமல் நடந்ததைச் சொன்னேன். கடையில் யார் கேட்டார்கள், நான் என்ன சொன்னேன், எல்லோரும் எப்படிச் சிரித்தார்கள், நான் எப்படிச் சிரித்தேன், எல்லாமே. அது பொய், நான் நம்பித்தான் தேவாலயத்துக்குப் போகிறேன், அவர்கள் சிரிப்பார்கள் என்றுதான் பயந்தேன் என்று சொன்னேன்.

ஒரு பையன், "கடையில என்ன சார் சாப்பிட்டீங்க?" என்று கேட்டான்.

"வடை."

"அப்புறம் அழுதீங்களா சார்? அந்தச் சீஷர் வெளிய போயி அழுதாரே."

"இல்ல, அழுவல."

அவன் அதை யோசித்துக்கொண்டிருக்கும்போது அவள் கேட்டாள்: "தலைவர்கிட்டச் சொல்லிட்டீங்களா?"

"என்னன்னு?"

"பொய் சொன்னேன்னு. எங்ககிட்டச் சொல்லி என்ன சார்? நாங்கதான் வேதக்காரங்களாச்சே."

அதுவரை அது எனக்குத் தோன்றவே இல்லை. பிள்ளைகளிடம் சொல்லுவதுதான் பெரிய காரியம் என்று ஒரு கிழமையாகத் தவித்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிடுகிறேன் என்றேன். எப்போது என்று கேட்டாள். நாளைக்கு என்றேன்.

திங்கட்கிழமை போகவில்லை. செவ்வாயும் போகவில்லை. புதன்கிழமை மத்தியானம் ஸ்டோருக்குப் பின்னால் விறகு அடுக்கியிருந்த இடத்தில் தலைவர் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். கடைக்கு வந்த கூட்டாளிகளில் இரண்டு பேரும் அங்கே இருந்தார்கள்.

"தலைவரே, அன்னைக்கு நானா கடையில அம்மாவுக்காகத்தான் கோயிலுக்குப் போறேன்னு சொன்னேன்ல?"

"ஆமா, சொன்ன."

"அது பொய். நான் நம்பித்தான் போறேன். இயேசுவத்தான் கும்பிடுறேன்."

அவர் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார். "அதுக்கென்ன இப்ப? யாராச்சும் மெரட்டுனாங்களா?"

"இல்லீங்க. புள்ளைங்களுக்கு ஒண்ணச் சொல்லிக் குடுத்துட்டு வெளிய வேறொண்ணு பேசிட்டேன்."

"அப்ப கூரை விஷயத்துல நீ யாரு பக்கம்?"

"எங்க காம்பராவுலயுந்தான் தலைவரே ஒழுகுது. நான் சங்கத்துப் பக்கந்தான்."

அவர் மறுபடி வெற்றிலையை மெல்லத் தொடங்கினார். கூட்டாளிகளில் ஒருவன், "பாதிரி பேசிட்டாரு, ஆமென் சொல்லுங்கப்பா" என்றான். அன்றிலிருந்து ஸ்டோரில் என் பெயர் பாதிரி. அங்கிருந்து விலகும்வரை அதுதான். அடுத்த சங்கக் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை. அதற்கு அடுத்ததற்கும் கூப்பிடவில்லை. மூன்றாவதற்கு நானாகப் போய் உட்கார்ந்தேன். யாரும் எழுந்து போகச் சொல்லவில்லை. முதல் சில மாதங்கள் அந்தப் பெயர் உறுத்தியது. பிறகு பழகிவிட்டது.

தலைவரிடம் சொல்லிவிட்டேன் என்று அடுத்த ஞாயிறு பிள்ளைகளிடம் சொன்னேன். திங்கட்கிழமையா என்று அவள் கேட்டாள். புதன் என்றேன். சரி என்று தலையாட்டினாள். இனி அவள் எழுந்து நிற்பாள் என்று நான் நம்பியிருந்தேன். ஆனால் பாடம் முடிந்து மற்றவர்கள் போன பிறகு அவள் மட்டும் சாக்கை மடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் இந்தத் தடவ நிக்கல சார்."

"ஏன்மா? என் மேல இன்னும் கோவமா?"

"இல்ல சார். பக்கத்துக் காம்பரா பொண்ணு என் கூட்டாளி. ஞாயித்துக்கிழம எங்க போறேன்னு கேப்பா. அம்மா கூட்டிட்டுப் போறாங்க, அதான் போறேன்னு நானுந்தான் சொல்லியிருக்கேன். அவகிட்டச் சொல்லிட்டுத்தான் நிப்பேன்."

"இன்னும் ஒரு கிழம இருக்கே, சொல்லிடலாமே."

"அவ என்னோட பேசாம இருந்துட்டா?"

எனக்கு வற்புறுத்த மனம் வரவில்லை. அடுத்த ஞாயிறு போதகருக்கு முன்னால் ஐந்து பிள்ளைகள் நின்றார்கள். ஆறு என்று எழுதியிருக்கிறதே என்று போதகர் கேட்டார். ஒருத்தி இன்னும் ஆயத்தமாகவில்லை என்றேன். அவர் கொஞ்சம் சங்கடப்பட்டார். பாடத்தை நான் ஒழுங்காக நடத்தவில்லை என்று நினைத்திருக்கலாம்.

அடுத்த வருஷம் அவள் நின்றாள். அதற்குள் அம்மாவோடு கொழுந்தெடுக்கப் போகத் தொடங்கியிருந்தாள். கூட்டாளியிடம் எப்போது சொன்னாள், எப்படிச் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கூட்டாளிப் பிள்ளை திருவிழாவுக்குப் போடுகிற பாவாடையைக் கட்டிக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எப்போது எழ வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்று தெரியாமல் பக்கத்திலிருந்த என் அம்மாவைப் பார்த்துப் பார்த்துச் செய்தாள். போதகர் கேட்ட கேள்விக்கு, "விசுவாசிக்கிறேன்" என்று முன்னால் நின்றவள் சொன்ன பதில் முதல் தரம் யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு தரம் கேட்டார். அப்போது கடைசி பெஞ்ச் வரைக்கும் கேட்டது.

ஆராதனை முடிந்து தோட்டத்துக்கு ஏறும்போது தூறல் பிடித்துக்கொண்டது. இரண்டு பிள்ளைகளும் ஒரே சாக்கைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, எங்களுக்கு முன்னால் ஏதோ பேசிக்கொண்டே நடந்தார்கள்.