பட்டத்தைப் பிடித்தவர்

அவளுக்குச் செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை. மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, வரிசை சரியா என்று நகத்தால் தடவிப் பார்ப்பாள். கூடத்தில் அவளுக்குப் பல்லக்கா என்று பெயர். கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, இரண்டாவது பிரேக்கின் மேல் காலை வைத்தபடியே பாதி ஆயுளைக் கழித்தவர். வீட்டிலும் அந்தக் காலை எடுப்பதில்லை என்று பல்லக்காவின் தங்கை கேலி செய்வாள்.

கல்யாண நாளுக்கு, வெளியூரில் இருந்த மகள் அவர்கள் இருவரையும் கைட் சர்ஃபிங் வகுப்பில் சேர்த்துவிட்டாள். காலடியில் பலகை, இடுப்புப் பட்டையில் நீளமான கயிறுகள், அவற்றின் மறுமுனையில் ஓர் அறையை அடைக்கும் அளவுக்குப் பட்டம், அதைத் திருப்பக் கையில் ஒரு குறுக்குக் கம்பி. காற்று இழுக்கிற இழுப்பில் தண்ணீர்மேல் சறுக்கிப் போக வேண்டும்.

"இந்த வயசுல உங்களுக்கு ஏன் இந்த வேலை?" என்றாள் தங்கை.

"உங்க அக்காவுக்குத்தான் கஷ்டம். எனக்கு ஒரு வாரம் போதும்" என்றார் அவர்.

நடந்தது தலைகீழ். கற்றுக்கொடுத்தவள் மகள் வயதுப் பெண். கடற்கரையில் எல்லாருக்கும் அவள் கோச். முதல் நாள் மணலில் நிற்க வைத்துச் சின்னப் பட்டம் ஒன்றைக் கொடுத்தாள்.

"கம்பியை இறுக்கிப் பிடிக்காதீங்க. நீங்க இழுத்தா அது அதைவிட இழுக்கும்."

பல்லக்கா மெழுகைத் தொடுவதுபோல் கம்பியைத் தொட்டாள். பட்டம் தலைக்குமேல் போய்ச் சாதுவாக நின்றது. அவர் கம்பியை முறுக்கிப் பிடித்தார். பட்டம் அவரைக் குப்புறத் தள்ளி மணலில் இழுத்துக்கொண்டு போனது.

"இதுல ஏதோ கோளாறு" என்று வாயிலிருந்த மணலைத் துப்பினார். கோச் அதே பட்டத்தைப் பல்லக்காவிடம் கொடுத்தாள். அது ஒழுங்காகப் பறந்தது.

மழைக்காலம் நெருங்குவதற்குள் பல்லக்கா பலகைமேல் எழுந்து நின்றுவிட்டாள். கொஞ்ச தூரம் போய், விழுந்து, உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே எழுவாள். அவர் இன்னும் இடுப்பளவு தண்ணீரிலேயே தடுமாறினார். "சார், டென்ஷன் ஆகாதீங்க" என்றாள் கோச். தினமும் தன் மாணவர்களிடம் அவர் சொல்கிற அதே வார்த்தை. முகம் சுண்டிப்போய்க் கரையேறினார். "எனக்கு இது போதும்மா. உனக்குப் பட்டம் பிடிக்க ஆள் வேணும்ல, நான் இருக்கேன்" என்றார்.

பட்டத்தை எழுப்ப இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கரையில் அதைப் பிடித்திருப்பார். பறக்கவிடுகிறவர் தண்ணீரில் நின்று கட்டைவிரலை உயர்த்தினால் கையை விடுவார். "கடைசியா வானத்தைப் பார்க்க வேண்டியவர் நீங்கதான், சார். துளி சந்தேகம் வந்தாலும் விடாதீங்க" என்று கோச் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

அதன்பின் வீடு திரும்பும் வழியில் காரில் பேச்சு குறைந்தது. ஒருநாள் சிவப்பு விளக்கில் நின்றபோது, அவள் பக்கம் திரும்பாமலே, "எல்லாரும் உன்னைத்தான் பார்க்கிறாங்க, இல்ல?" என்றார். பல்லக்கா சிரித்து மழுப்பினாள். அவர் சிரிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காற்று விட்டுவிட்டு அடித்தது. மற்றவர்கள் பட்டங்களை இறக்கிச் சுருட்டத் தொடங்கியிருந்தார்கள். கோச் கரையிலிருந்த கொட்டகைக்குள் இருந்தாள்.

"போதும்னு நினைக்கிறேங்க" என்றாள் பல்லக்கா.

"வந்ததுக்கு ஒரு தடவை போயிட்டு வா. நான் பிடிக்கிறேன்."

முழங்கால் தண்ணீரில், கரையைப் பார்த்து நின்றாள். கடல் அவள் முதுகுக்குப் பின்னால். அவருக்கோ கடல் முழுக்கக் கண்ணெதிரே. கட்டைவிரலை உயர்த்தினாள். அவர் உடனே விடவில்லை. அவள் தோளைத் தாண்டி எதையோ பார்த்தார். நன்றாகவே பார்த்தார். கொட்டகைப் பக்கமிருந்து விசில் கேட்டது. அதன் பிறகுதான் கையை விட்டார்.

பட்டம் எழுந்த கணத்தில் தண்ணீர் கறுத்தது. காற்று ஒரே அறையாக அறைந்தது. கால் தரையை விட்டது. கரை அவளுக்குக் கீழே ஓடியது, அவர் தலைக்கு மேலேயே பறந்து போனாள். கீழே விழுந்ததும் பட்டம் அவளை மணலில் இழுத்துக்கொண்டு சாலையோரச் சுவரை நோக்கிப் போனது. வயிற்றருகே இருந்த, பட்டத்தின் இழுப்பை அறுத்துவிடும் சிவப்புப் பிடியை எப்படித் தள்ளினாள் என்று அவளுக்கே தெரியாது. பட்டம் துவண்டு விழுந்தது. சுவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

காறை எலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் கோச் அழுதுகொண்டே, "சார், நான் விசில் அடிச்சேனே!" என்றாள்.

"காத்துல ஒண்ணும் கேக்கலைம்மா" என்றார் அவர்.

தண்ணீரில் நின்ற பல்லக்காவுக்குக் கேட்டிருந்தது.

வீட்டில் அவரைப்போல் கவனித்துக்கொள்ள ஆள் கிடையாது. தலை வாரிவிட்டார், ஊட்டிவிட்டார், தலையணையைத் தட்டிப்போட்டார். ரொம்ப நாளாக நின்றுபோயிருந்த அவருடைய சீட்டியொலி மறுபடி சமையலறையில் கேட்டது. தங்கை, "மாமா தங்கம்" என்று உருகினாள். பல்லக்கா ஒரே ஒரு தடவை கேட்டாள். அவர் பழம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு அந்த மேகம் தெரியலையாங்க?"

"எந்த மேகம்?"

அந்த ஞாயிற்றுக்கிழமைக் காற்றில் ஊரெல்லாம் கூரைத் தகடுகள் பறந்திருந்தன. தெரு முழுக்க அதே பேச்சாக இருந்தது. அவர் துண்டு ஒன்றை அவள் வாயருகே நீட்டினார். வாங்கிக்கொண்டாள்.

கட்டுப் பிரித்த பிறகு பல்லக்கா மறுபடி கடலுக்குப் போனாள், பஸ்ஸில், தனியாக. கோச் பட்டத்தைப் பிடித்தாள். இப்போதெல்லாம் விழாமல் தூரம் போய்த் திரும்புகிறாள். அவரிடம் எதையும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. சாப்பாடு, தண்ணீர் வரி, மகளின் போன் என்று நாள் ஒழுங்காக நகர்கிறது. படுக்கையை மட்டும் மகளின் அறைக்கு மாற்றிக்கொண்டாள். தோள் வலிக்கிறது என்று காரணம் சொன்னாள். வலி எப்போதோ போய்விட்டது. உள்ளே போனதும் தாழ்ப்பாள் போடுகிறாள்.